அப்பலாச்சிய மலைகளில் – 6: ரயில் போன தடத்தில்

அபிங்டனில் பாதை தொடங்கும் இடத்திலேயே ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1907இல் செய்த வண்டி, எண் 433. அதைத் தாண்டினால் தண்டவாளம் கிடந்த இடத்தில் பொடிச்சரளை பரப்பிய பாதை, இருபுறமும் மர நிழல். இங்கிருந்து டமாஸ்கஸ் ஏறக்குறைய 16 மைல். அங்கிருந்து மேலே வைட்டாப் மலையைத் தொட்டு வடகரோலினா எல்லை வரை மிச்சம். மொத்தம் 34 மைல். வர்ஜீனியா க்ரீப்பர் ட்ரெயில் என்று பெயர்.

சென்ற இதழில் எழுதிய ஏற்றங்களுக்குப் பிறகு என் முழங்கால்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. ரயில் போன தடமென்றால் செங்குத்து இருக்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் இங்கே வந்தேன். நம்பிக்கை வீண்போகவில்லை. செங்குத்தில் எஞ்சின் திணறுமே என்று அந்தக் காலத்தில் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஓடைக்கு ஓடை மரக்கால் பாலம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சலுகையை இப்போது தாத்தா பாட்டிகளும், தள்ளுவண்டிக் குழந்தைகளும், என்னைப் போன்ற முழங்கால்காரர்களும் அனுபவிக்கிறோம்.

ரயில் டமாஸ்கஸுக்கு வந்தது 1900இல். ஊரின் பெயருக்குக் காரணம் ஜான் இம்போடன் என்ற பழைய படைத்தளபதி. இந்த மலைகளில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது, சிரியாவின் டமாஸ்கஸ் வாளுக்குப் பேர்போனது போல இதுவும் எஃகுக்குப் பேர்போகும் என்று கணக்குப் போட்டார். இரும்பு கைகொடுக்கவில்லை, மரம் கொடுத்தது. மலைமலையாக வெட்டி ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். வெட்ட மரம் குறைந்ததும் ரயிலின் பிழைப்பும் சுருங்கியது. 1977இல் கடைசி வண்டி போனது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு கீழ்ப்பாதித் தடத்தை அபிங்டன், டமாஸ்கஸ் இரு ஊர்களும், மேல்பாதியை வனத்துறையும் வாங்கிப் பாதையாக்கின.

ரயில் ஓடிய காலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வின்ஸ்டன் லிங்க் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். நீராவி வண்டிகளின் கடைசிக் காலமான 1950களில் இந்தத் தடத்திலும் அலைந்து படம் எடுத்தவர். கிரீன் கோவ் நிலையத்துக்கு வண்டி வரும்போது வண்டிக்குதிரை ஒன்று தலை குனிந்து நிற்கும் படம், என் கண்ணுக்கு, அவருடைய புகழ்பெற்ற இரவுப் படங்களைவிட ஒரு படி மேல்.

கீழ்ப்பாதியில் பாதை பண்ணைகளுக்கு நடுவே போகிறது. அங்கங்கே கதவுகள். திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்திவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் மாடுகள் வெளியே வந்துவிடும். ஒரு வளைவில் பசு ஒன்று நட்டநடுப் பாதையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் ஒதுங்கிப் போனேன்; அது தலையைக்கூடத் திருப்பவில்லை. பாதிவழியில் அல்வரடோ பக்கம் ஹோல்ஸ்டன் ஆறு கூடவே வருகிறது. பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றால் நேரம் போவதே தெரியாது.

உண்மையில் இந்தப் பாதைக்குக் கூட்டம் சேர்த்தது மேல்பாதிதான். சைக்கிளோடு வேனில் வைட்டாப் வரை ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து மிதிக்காமலே டமாஸ்கஸுக்கு உருண்டு வந்துவிடலாம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் சைக்கிள் வாடகைக் கடைகள் வரிசை கட்டி நின்றதற்கு அந்த இறக்கமே காரணம். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. வைட்டாப் லாரல் ஓடை பொங்கிப் பாலங்களைப் பிடுங்கியது, தடத்தையே கரைத்தது. ஊருக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. நான் போனபோது மேல்பாதி மூடிக் கிடந்தது.

சைக்கிள் கடை ஒன்றில் பேச்சுக் கொடுத்தேன். நரைத்த தாடிக்காரர், செயினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார்: “முன்னாடி எல்லாரும் மேலேருந்து கீழே வந்தாங்க. இப்போ நீங்க வந்த மாதிரி அபிங்டன்லேருந்து வர்றாங்க. வர்றாங்கதான், ஆனா மிதிக்கணுமேன்னு பாதிப் பேர் வர்றதில்ல.”

அவருக்கு அது நஷ்டக் கணக்கு. நடக்கிறவனாகச் சொன்னால், பின்னாலிருந்து மணியடித்து விரட்டுகிறவர்கள் குறைவு என்பது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

டமாஸ்கஸின் லாரல் அவென்யூவில் மின்கம்பங்களைக் கவனியுங்கள். கைப்பிடி அளவில் வெள்ளைக் கோடு தீட்டியிருக்கும். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 2,190 மைலுக்கு மேல் ஓடும் அப்பலாச்சியப் பாதை இந்தக் கடைத்தெரு வழியாகவே போகிறது. 1987 முதல் ஒவ்வொரு மே மாதமும் அந்த நெடுநடைக்காரர்களுக்கு ஊர் திருவிழா நடத்துகிறது. நான் போனது அந்தச் சமயமல்ல. ஆனாலும் முதுகில் மூட்டையோடு இரண்டு பேர் பீட்சாக் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை நானும் அந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்து வடக்கே திரும்பினேன். அங்கே 5,729 அடி உயர ரோஜர்ஸ் மலைப் பக்கம் காட்டுக் குட்டைக் குதிரைகள் மேய்கின்றன. பையில் தின்பண்டம் இருந்தால் ஜிப்பை இழுத்து மூடி வையுங்கள் என்று எச்சரித்தார்கள். ஏனென்று அடுத்த இதழில் சொல்கிறேன்.