வைகாசிச் சடங்கு

பணியின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் பெயர்தல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதொன்றன்று. எனினும், முதுமையுற்ற அன்னையாரையும் சிறுவர் இருவரையும் அழைத்துக்கொண்டு 2018ஆம் ஆண்டுத் தைத்திங்களில் நாம் மட்டக்களப்பிற் குடியேறப் புறப்பட்டபோது, சுற்றத்தார் கூறிய எச்சரிக்கை ஒன்றே: "அங்கத்தைச் சனம் பாயோடை ஒட்ட வைச்சுப்போடும்." மந்திரத்தைக் குறித்த பேச்சு இதுவென்பார் சிலர், விருந்தோம்பலைக் குறித்ததென்பார் வேறு சிலர். அன்னையார் முதற் பொருளையே கொண்டார். தந்தையார் மறைந்தபின் அவர் தனித்துக் காத்துவந்த வீட்டைப் பூட்டிவந்தது அவருக்கு ஆறாத் துயர். "வைகாசி மட்டும் இருப்பன், தம்பி, ஆனி பிறக்கக் கொண்டுபோய் விட்டிடு" என்பது அவர் விதித்த தவணை.

சித்திரை கழிய வேனில் கடுமையாயிற்று. நம்மூர்ச் சோளகம் வெம்மையைச் சற்றே தணிக்கும்; இவ்வூர்க் கச்சான் காற்றோ நிலத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு மேற்கிலிருந்து வரும். பகலில் எருமைத் தயிரும் மாலையிற் கல்லடிக் கடற்கரையும் எம்மைக் காத்தன. ஒரு நிலவிரவில் தோணியேறி, வாவிநீரில் துடுப்பை ஊன்றி அதன் மேல்முனையிற் காதை வைத்துக் கேட்டோம். நரம்பை மெல்லத் தெறித்தாற்போன்ற ஓரொலி எழுந்தது. பாடுவது மீனோ, ஊரியோ என அறிஞர் வாதிடுவர். யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகளார் அதனை நீரரமகளிர் இசையாகக் கண்டார். எம் இளைய மகன் தவளையென்று தீர்ப்புரைத்தான். பிள்ளைகள் அதற்குள் ஊர்ப்பேச்சையும் பற்றிக்கொண்டனர். 'பிறகு' என்னுஞ் சொல் மறைந்து 'மறுகா' வீட்டினுட் புகுந்தது. அன்னையார் அதனைப் பலகாற் கடிந்துகொண்டார்.

வைகாசி பிறந்ததும் அயல்வீட்டு அம்மையார் வந்து, கண்ணகியம்மன் கோயிற் கதவு திறக்கப்போவதாகக் கூறி அழைத்தார். அன்னையார் தயங்கினார். காரணமில்லாமலில்லை. கண்ணகி வழிபாட்டை ஆறுமுக நாவலர் ஒப்பினாரல்லர். அவர்வழி நின்ற யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. நாவலரிடத்து எமக்குள்ள பத்தி சிறிதன்று. ஆயினும், இவ்வொரு விடயத்தில் மட்டக்களப்பார் அவர்வழிச் செல்லாது விட்டதே தமிழுக்கு ஆதாயமென்போம். ஆண்டுதோறும் கோயிலிற் படித்து வந்தமையாலன்றோ 'கண்ணகி வழக்குரை' அழியாதிருக்கின்றது!

இறுதியிற் பிள்ளைகளின் பிடிவாதமே வென்றது. கல்முனை வீதியிலுள்ள செட்டிபாளையத்துக் கோயிலுக்குச் சென்றோம். வைகாசிச் சடங்கின்பொருட்டுத் திறக்குங் கதவு, திருக்குளிர்த்தியோடு மீண்டும் அடைபடும். தேரும் கொடியேற்றமும் கண்டு பழகிய எமக்கு எல்லாம் புதுமை. குளிர்த்தியிரவில் நிற்கவும் இடமில்லை. வேப்பிலை மணமும் பெண்களின் குரவையும் எங்கும் நிறைந்திருந்தன. மதுரையை எரித்த சினம் ஆறுமாறு குளிர்த்திப் பாடல் பாடுகின்றனர். அம்மை நோயும் வறட்சியும் அச்சினத்தின் வெம்மையென்பது மக்கள் நம்பிக்கை. கச்சான் வீசும் மாதத்தில் இச்சடங்கை வைத்த முன்னோரின் நுட்பத்தை வியந்தோம்.

பிள்ளைகள் மணலில் உறங்கிவிட்டனர். அன்னையார் மட்டும் கண்ணிமையாது கேட்டுக்கொண்டிருந்தார். கணவனை இழந்தாள் அரசவையிற் புகுந்து வழக்குரைத்த கதையன்றோ! பக்கத்தில் அயல்வீட்டு அம்மையார்; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நாவலடியிற் கணவனைப் பறிகொடுத்தவர். தந்தையாரின் ஈமக்கடனிலும் நிலைகலங்காதிருந்த அன்னையார் அவ்விரவில் வாய்விட்டு அழுதார். அம்மையார் ஆறுதலொன்றுங் கூறிலர். அவர் கையைப் பற்றியவாறு விடியுமட்டும் இருந்தார்.

அடுத்த நாள் முதல் இருவர்க்குமிடையே வேலி வழியாகக் கறிக்கிண்ணங்கள் போய்வரலாயின. முற்றத்தில் ஒரு வேப்பங்கன்று நடப்பெற்றது. நாளும் அதற்கு நீர்வார்ப்பவர் அன்னையாரே.

ஆனி பிறந்து பத்து நாட் கழிந்தன. யாழ்ப்பாணப் பேருந்தில் இடம் பதிவதோவென நாமே வினவினோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் தலைநிமிராமற் சொன்னார்:

"மறுகா பாப்பம்."