சாக்கடையின் நதிமூலம்

ஆலன், கியர்ஹார்ட், ஹவுசர். கலிஃபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில், ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டிய ஆர்க்கேட்டா என்ற சிற்றூரில் மூன்று சதுப்புக் குளங்களுக்கு இந்தப் பெயர்கள். கோரையும் சம்பும் அடர்ந்து, வாத்தும் கொக்கும் மேயும் இடம். கரையில் நாயோடு நடப்பவர்கள். அத்தனையும் ஊர்க் கழிவுநீர். நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஹவுசர் ஊர் மேயராக இருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். சாக்கடைக் குளத்துக்குத் தன் பெயரை வைக்க எத்தனை அரசியல்வாதி சம்மதிப்பார்? கியர்ஹார்ட் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர். ஆலன் மட்டும் மீன்வளப் பேராசிரியர். மீன்காரருக்கு இங்கே என்ன வேலை? அந்த நூலைப் பிடித்துப் பழைய ஆவணங்களைப் புரட்டியதில் கதை அவிழ்ந்தது.

1974இல் மாநில அரசு ஒரு விதி போட்டது: விரிகுடாக்களில் கழிவுநீர் விடக் கூடாது, விட்டால், விரிகுடாவுக்கு அதனால் நன்மை என்று நிரூபிக்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் ஒரே பெரிய சுத்திகரிப்பு நிலையம், விரிகுடாவின் அடியில் குழாய், கழிவு நேரே பசிபிக்குக்கு என்று திட்டம் தயாரானது. செலவைப் பார்த்து ஆர்க்கேட்டா முரண்டு பிடித்தது. விதியிலிருந்த விலக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆதாரம்? விதி வரும் முன்பே ஆலன் கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து சால்மன் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் கவலை மீனைப் பற்றியது. ஊர் அவரைச் சாட்சியாக்கிக்கொண்டது. 1979இல் கியர்ஹார்ட் முன்னின்று சோதனைக் குளங்களைத் தொடங்கினார். 1986இல், மூடிய குப்பைக் கிடங்கும் பழைய மரஆலை நிலமும் இருந்த இடத்தில் முழுச் சதுப்பு இயங்கத் தொடங்கியது.

பறவைப் பாசத்தில் பிறந்த இடம் என்று சொல்லத்தான் ஆசை. பிறந்தது குழாய்ச் சண்டையில். பறவைகளுக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

நீரைச் சுத்திகரிக்க அன்று வகுத்த வழி விசித்திரமானது. கசடு படிந்து, பாசிக் குளங்களில் கிடந்து, கோரை வழியே வடிந்த நீருக்கு ஒருமுறை குளோரின். பிறகே மக்கள் நடமாடும் மூன்று குளங்களுக்கு. அங்கிருந்து மறுபடி ஊரின் சுத்திகரிப்பு நிலையத்துக்கே திரும்பியது. மறுபடி குளோரின், அதை நீக்கக் கந்தக டைஆக்சைடு. இரண்டாம் முறை ஏன்? பறவைகள் எச்சமிடுமே! எதிரே விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள்.

சரி, இந்த நீர் எங்கே புறப்படுகிறது? ஜாலி ஜயன்ட் ஓடை ரெட்வுட் காட்டில் பிறந்து, தெருக்களுக்கடியில் குழாயில் மறைந்து, நிலையத்தருகே கழியில் சேர்கிறது. குளத்து நீருக்கும் அதற்கும் உறவு குறைவு. ஊர்க் குடிநீர் மேட் ஆற்றுப் படுகைக்கு அடியிலிருந்து வருவது. அந்த ஆறோ விரிகுடா பக்கமே வராமல் வடக்கே தனியாகக் கடலில் கலக்கிறது. ஆக, வேறொரு ஆற்றின் நீர் சமையலறை, கழிப்பறை வழியாக இங்கே குடிபெயர்கிறது. மழைக்காலத்தில் உள்ளூர் நீரும் சேரும்: பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசலில் மழைநீர் புகுந்து, நிலையத்துக்கு வரும் அளவு பல மடங்காகிவிடும். அந்த விரிசல்களைத் தேடித் தேடி அடைப்பது நகராட்சிக்கு ஓயாத வேலை.