எழுத்துத் தெரியாதவர்கள்

2017 ஓகஸ்டில் நான்கு வாரம் சீனாவின் ஷிஆன் நகரில் சீன மொழி படித்தேன். கோடை விடுமுறையில் வெளிநாட்டவர்களுக்கென்று அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் நடத்திய ஆரம்ப வகுப்பு அது. சிறியதொரு புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. அப்போது எனக்கு நாற்பது வயது. "சேர், இந்த வயசில சீனம் படிச்சி என்ன செய்யப் போறீங்க?" என்று ஊரில் கேட்காதவர்கள் குறைவு. கொழும்பு நூதனசாலையில் இருக்கும் காலிக் கல்வெட்டைத்தான் பதிலாகச் சொல்வேன். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே இருக்கின்றன. அதைக் கொண்டுவந்த கடற்படைத் தளபதி செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைகளை அங்கு கூட்டிச் செல்லும்போதெல்லாம் அந்தச் சீன எழுத்துகளில் நாலைந்தையாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

ஷிஆனின் பழைய பெயர் சாங்ஆன். 399இல் அங்கிருந்து புறப்பட்ட பாஹியன் என்ற பௌத்த பிக்குதான் பின்னர் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கினார். அவர் கால்நடையாகவும் கப்பலிலும் கடந்த தூரத்தை நான் விமானத்தில் ஒரே நாளில் கடந்து, தரம் 1 பிள்ளையைப்போல் வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். சீனத்தில் ஆசிரியரை 'லாவ்ஷி' என்று அழைப்பார்கள். எங்கள் லாவ்ஷிக்கு என் மூத்த மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் முஸ்லிம் என்று அறிந்ததும் எனக்கு 'மா' என்ற குடும்பப் பெயரை வைத்தார். அந்த எழுத்துக்குக் குதிரை என்று பொருள். சீன முஸ்லிம்களிடையே மிகப் பரவலான பெயர் அது. முஹம்மத் என்ற பெயரின் முதல் ஒலியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

சீனத்தில் சொல்லின் பொருளை ஓசையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 'மாய்' என்பதைத் தாழ்த்தி இழுத்தால் வாங்குதல்; மேலிருந்து வெட்டிக் கீழே இறக்கினால் விற்றல். வியாபாரிகள் நிறைந்த ஊரில் பிறந்த எனக்கு, வாங்குவதும் விற்பதும் ஒரே சொல்லாகக் காதில் விழுந்தது பெரிய சோதனைதான். தமிழ் கைகொடுத்த இடமும் உண்டு. நாவை மடித்துச் சொல்லும் ஓர் ஒலியில் மற்றவர்கள் திணறியபோது, நான் ழகரத்தைச் சொல்லித் தப்பிக்கொண்டேன். லாவ்ஷி என்னை எழுப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

ஒலியைக் குறிக்க 'பின்யின்' என்ற முறையைக் கற்பித்தார்கள். 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட உரோமன் எழுத்து முறை அது. நானோ கொப்பியின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்து வைத்தேன். லாவ்ஷி அதைக் கண்டு, "பின்யின் மட்டும் எழுதுங்கள்" என்றார். ஆசிரியர் என்ற முறையில் அவர் சொன்னதன் நியாயம் எனக்கு விளங்கியது. ஆனாலும் இரவில் விடுதியில் தமிழிலேயே எழுதினேன்.

சீன எழுத்தை மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, கோட்டுக்குக் கோடு ஒழுங்கு தவறாமல் எழுத வேண்டும். சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒவ்வொன்றையும் இருபது முறை எழுதினேன். வணக்கம் சொல்லும் எழுத்துகளுக்கு முன்பே நான் தெருவில் அடையாளம் கண்டவை 'சிங்ஜென்' என்ற இரண்டு எழுத்துகள்தான். தூய்மை, உண்மை என்று பொருள்படும் அந்தச் சொல்லையே ஹலால் உணவுக்கடைகளில் எழுதி வைக்கிறார்கள். முதல் எழுத்தின் இடப்பக்கம் மூன்று சிறு கோடுகள் நீரைக் குறிக்கும். வலப்பக்கம் ஒலியைக் காட்டும். பசி நல்ல வாத்தியார். அந்த இரண்டையும் ஒருநாளில் கற்றேன். மற்றப்படி பஸ் தரிப்பிடத்திலும் மருந்துக் கடையிலும் நான் எழுத்துத் தெரியாத மனிதன். யாரிடமாவது காகிதத்தை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஷிஆனின் முஸ்லிம் வட்டாரத்தில் பெரிய பள்ளிவாசல் சீனக் கூரையும் தோட்டமும் முற்றங்களுமாக இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளிய ஒரு கடையில் மாலையில் சாப்பிடுவேன். தடித்த ரொட்டியை நாமே கையால் சிறுசிறு துண்டுகளாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதன்மேல் ஆட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவார்கள். ரொட்டியைப் பிய்த்து முடிக்க அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணியில்தான் கடைக்காரரின் தந்தையோடு பழகினேன். கான்சு மாகாணத்து லின்ஷியாவிலிருந்து வந்தவர். ஸலாம் சொன்ன பிறகு எங்களிடையே மிஞ்சியவை என்னுடைய ஐம்பது, அறுபது சீனச் சொற்கள்தான்.

ஒருநாள் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டி, என்ன எழுத்து என்று கேட்டேன். பெரியவர் கையை அசைத்து, "வோ பு ஷு ட்ஸு" என்றார். எனக்கு எழுத்துத் தெரியாது என்று அர்த்தம். அப்போது அவர் மடியில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது.

வாங்கிப் பார்த்தேன். அரபு எழுத்து. ஆனால் அரபு மொழி இல்லை. உயிரொலிக் குறிகள் எல்லாம் இட்டிருந்தன. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் பாரசீக எழுத்துகளும் வேறு சில எழுத்துகளும் இருந்தன. மெல்ல வாய்விட்டு வாசித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் வாசித்த வரியையே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொன்னார். அது சீனம்! அந்த எழுத்தில் ஏற்ற இறக்கத்துக்குக் குறி இல்லை. அது அவருடைய நாவில் இருந்தது. சீன முஸ்லிம்கள் தங்கள் மொழியை அரபு எழுத்தில் எழுதும் இந்த முறைக்கு 'ஷியாவ்அர்ஜிங்' என்று பெயர். மதரஸா வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்தது. இன்று பெரும்பாலும் வயதானவர்களிடமே எஞ்சியிருக்கிறது.

எனக்கு என் உம்மும்மாவின் ஞாபகம் வந்தது. வெள்ளி இரவுகளில் விளக்கடியில் அரபுத்தமிழ்க் கிதாபை விரித்து வைத்து அவர் வாசிக்க, அயல் பெண்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'மகானி' அவருக்கு ஏறக்குறையப் பாடம். காணி விடயமாக ஒரு கந்தோருக்குச் சிறுவனான என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையொப்பம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். "எனக்கு எழுத்துத் தெரியா மகன்" என்றார். அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். தினமும் வாசித்த ஒரு மனுஷி, தான் வாசிக்கத் தெரிந்தவள் என்பதையே அறியாமல் மௌத்தாகிப் போனார்.

ஷிஆன் பெரியவரும் அதே வாக்கியத்தைச் சொன்னார். கடலுக்கு இப்பாலும் அப்பாலும், சொந்த மொழியை இரவல் எழுத்தில் காப்பாற்றிய மனிதர்கள், அந்த எழுத்து அரசாங்கத்தின் எழுத்தாக இல்லாததால் தங்களைப் படிக்காதவர்கள் என்றே நம்பினார்கள். 2019இல் பீஜிங் நகரில் ஹலால் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளை நீக்கச் சொன்ன செய்தியை வாசித்தபோது, அந்தப் பெரியவரின் மடியில் இருந்த புத்தகத்தைத்தான் நினைத்தேன். நம்மிடமோ யாரும் பலகையை இறக்கச் சொல்லவில்லை. நாமாகவே மறந்துவிட்டோம்.

நான் படித்த சீனத்தில் பாதி இப்போது போய்விட்டது. ஆனால் கிழமையில் ஒருநாள், பாடசாலை விட்ட பிறகு, தரம் 7 பிள்ளைகளுக்கு அரபுத்தமிழ்ப் பக்கமொன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். குர்ஆன் மதரஸாவில் ஓதிய பிள்ளைகள்தானே, எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் மூன்றாவது வரியில் ஒரு பிள்ளை நிறுத்தி, "சேர், இது தமிழ்!" என்று கத்தினாள்.

உங்கள் வீடுகளிலும் றங்குப்பெட்டியின் அடியில் அட்டை கிழிந்த கிதாபு ஒன்று கிடக்கக்கூடும். கரையான் அரிக்குமுன் எடுத்து வையுங்கள். வயதான பெண்கள் இருந்தால், எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எந்த எழுத்து வாசிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.