டிஸ்பிளே வரவில்லை

"சிஸ்டம் ஆன் ஆகுது, டிஸ்பிளே வரல." கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் கேட்கும் புகார் இது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "ஸ்லோவா இருக்குன்னு ராம் ஏத்தினோம்."

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் இதுதான் நடந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்கு அழைப்பிதழ் ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். கடையில் இருந்தது இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி டிடிஆர்3 ராம் கொண்ட பழைய கம்ப்யூட்டர். கோரல்டிராவைத் திறந்து வைத்துக்கொண்டு சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க பிரவுசரையும் திறந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். அக்காவின் மகன் இணையத்தில் தேடி, மலிவாகக் கிடைத்த 8 ஜிபி ராம் ஒன்றை வரவழைத்துக் காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் பீப் பீப் என்ற சத்தம்தான் வந்தது.

"போர்டு போயிருச்சுங்கறாங்க தம்பி. வேற சிஸ்டமே வாங்கணுமாம்" என்றார் அக்கா. பார்க்க வந்த மெக்கானிக் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில் எதைச் சந்தேகிப்பது என்பதைவிட எதைச் சந்தேகிக்க வேண்டாம் என்று தெரிவதுதான் முக்கியம். கைவைத்தது ஒன்றே ஒன்று. அதைப் பழையபடி ஆக்கிப் பார்க்காமல் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் விண்டோஸையும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. விண்டோஸ் இந்த வழக்கிலேயே கிடையாது. சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது போர்டிலுள்ள பயாஸ். திரையில் ஒரு எழுத்து காட்டுவதற்கு முன்பே அது ராமைச் சரிபார்த்தாக வேண்டும். ராம் சரியில்லை என்றால் அதைத் திரையில் எழுதிக் காட்டவும் வழியில்லை. அதனால்தான் பீப் சத்தம். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். புதிய போர்டுகள் பலவற்றில் சத்தத்துக்குப் பதில் சின்ன விளக்கு ஒன்று எரியும்.

மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, மிச்சமிருந்த மின்சாரத்தையும் வடியவிட்டு, புதிய ராமைக் கழற்றினோம். பழைய 4 ஜிபியோடு கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. போர்டு போகவில்லை. அக்காவின் முகத்தில் பாதிக் கவலை அப்போதே இறங்கிவிட்டது. பழையதை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றினோம். அங்கும் ஓடியது. ஆக, ஸ்லாட்டிலும் குறையில்லை. இனிப் புதியதை மட்டும் தனியாகப் போட்டால் எந்த ஸ்லாட்டிலும் பீப். அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டும், போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டியும் பலனில்லை.

அப்படியானால் ராம் பழுதா? பக்கத்துத் தெரு நண்பர் வீட்டில் ஏஎம்டி செயலி போட்ட பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் மாட்டியதும் 8 ஜிபியும் கணக்குப் பிசகாமல் தெரிந்தது. போர்டும் நல்லது, ராமும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஓடாது. "அது எப்படிண்ணா?" என்று கேட்டான் பையன்.

பதில் ராமின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே இருந்தது. '8 ஜிபி' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

செயலி ராமிடமிருந்து ஒரு தடவைக்கு 64 பிட் கேட்கும். வழக்கமான ராமில் எட்டுச் சில்லுகள் சேர்ந்து ஆளுக்கு 8 பிட் தரும். 16 சில்லுகள் இருந்தால் அவை எட்டெட்டாக இரண்டு அணி. இந்த மலிவு ராமிலோ 16 சில்லுகளும் ஒரே அணியாக நின்று ஆளுக்கு 4 பிட் தருகின்றன. 64 இலை போட்ட பந்தியில் எட்டுப் பேர் ஆளுக்கு எட்டு இலை பார்ப்பதற்கும் பதினாறு பேர் ஆளுக்கு நாலு இலை பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சாப்பாடு ஒன்றே, ஏற்பாடு வேறு. அந்தக் காலத்து ஏஎம்டி செயலிகள் இரண்டாவது ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொண்டன. இன்டெலின் மேசைக் கம்ப்யூட்டர் செயலிகள் 8 பிட், 16 பிட் சில்லுகளுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை.

மேசைக் கம்ப்யூட்டருக்கான டிடிஆர்3 ராமின் 240 பற்களும் நடுவிலுள்ள வெட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் தப்பான ராமும் 'டக்' என்று அழகாக உட்கார்ந்துவிடும். டிடிஆர்4 என்றால் 288 பற்கள், வெட்டும் இடம் மாறியிருக்கும், மாட்டவே முடியாது. வெட்டு அந்த அளவுக்குத்தான் காப்பாற்றும். சர்வரிலிருந்து கழற்றி விற்கும் 'ரெஜிஸ்டர்டு' ராம் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் ஓடாது. 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராமைப் போட்டாலும் இதே கதை. டிடிஆர்5 வேறு மாதிரி. முதல் தடவை ராமோடு பழகிக்கொள்ள போர்டு சில நிமிடங்கள்கூட எடுக்கும். அதற்குள் பதறி அணைக்கக் கூடாது.

பீப் அடித்து நின்றுவிடுகிற கம்ப்யூட்டர்மேல் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. எனக்கு அதன்மேல் மரியாதைதான். ஒவ்வொரு டிடிஆர்3 ராமிலும் 256 பைட் கொண்ட குட்டிச் சில்லு ஒன்று உண்டு. அந்த ராமின் கொள்ளளவு, வேகம், உள்ளமைப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கும். போர்டு அதைப் படிக்கிறது, தன்னால் ஆகாது என்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒத்துவராத ராமை வைத்துக்கொண்டு ஓடுவதுபோல் நடிக்கவில்லை. அக்காவின் ஒரு அழைப்பிதழ்கூடப் பாழாகவில்லை.

பயப்பட வேண்டியது நடிக்கிற ராமைப் பார்த்துத்தான். தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் ராம் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் ஜோராக ஓடியது. சில வாரங்களில் கல்யாண ஆல்பம் படங்களில் குறுக்கே சாம்பல்நிறப் பட்டைகள் விழுந்தன, சில கோப்புகள் திறக்கவே இல்லை. மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓடவிட்டதில் சிவப்பு வரிகள் வரிசைகட்டின. ராமின் ஒரு மூலையில் எழுதியது திரும்ப வாசிக்கும்போது வேறாக வந்துகொண்டிருந்தது. மூலப்படங்கள் மெமரி கார்டில் அழிக்கப்படாமல் இருந்ததால் மானம் பிழைத்தது.

ராமின் உள்ளே நடப்பதை நினைத்தால், அது இத்தனை நாள் பிசகாமல் ஓடுவதே அதிசயம்தான். ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி இரண்டை மட்டும் வைத்து ஒரு பிட்டைச் சேமிக்கும் யோசனையை 1966-இல் கண்டார், 1968-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் வந்த இன்டெல் 1103 சில்லில் 1,024 பிட். அக்கா கடைக்கு வந்த ராமிலோ 6,800 கோடிக்கு மேல். ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிவிநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துத் திரும்ப எழுதியாக வேண்டும்.

அக்கா அந்த ராமைத் திருப்பி அனுப்பிவிட்டு, லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று போட்டிருந்த வேறொன்றைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினார். அந்த எக்ஸுக்குப் பின்னால் வருகிற எண்தான் ஒரு சில்லு தரும் பிட். பழையதும் புதியதும் சேர்ந்து 12 ஜிபி, சத்தமில்லாமல் ஓடுகிறது. வேறு சிஸ்டம் வாங்க வைத்திருந்த பணம் மிச்சம்.

ராம் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அது எந்த ராமை, எவ்வளவு ஏற்கும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் படித்துவிடுங்கள். விலை மட்டும் பார்க்காதீர்கள், பொடி எழுத்தையும் படியுங்கள். ஓடவில்லை என்றால் கடைசியாக மாற்றியதை முதலில் கழற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஓடினாலும் ஒரு இரவு சோதனை நிரலைப் போட்டுவிட்டுப் பிறகு நம்புங்கள். இதையெல்லாம் செய்து பார்க்காமல் யாராவது "போர்டு போயிருச்சு" என்றால், பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.