பை கட்டும் நேரம்

நாக்பூர் ரயில் நிலையத்தில் இருந்த ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் 36 வருடம் தபால் பிரித்தவர் அவர். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே பழகியவர். ரயில் புறப்படுவதற்குக் குறிப்பிட்ட நேரம் முன்பே பையைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு வரும் கடிதத்தில் தாமதக் கட்டணத்துக்கான ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் தவறினால் அடுத்த ரயில்தான். கலெக்டரின் கடிதமாக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

ஆகவே, 2024 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, பேத்தியின் செல்போனில் சிவப்பு எழுத்தில் ஓடிய கடிகாரத்தை அவர் அப்படியே நம்பியதில் ஆச்சரியமில்லை. 'அடுத்த 38 நிமிடத்துக்குள் ஆர்டர் செய்தால் நாளை மறுநாள் உங்கள் கையில்' என்றது அது. கீழே, 'இருப்பு இரண்டு மட்டுமே'. அதற்கும் கீழே 9,999 ரூபாய் என்ற விலை அடிக்கப்பட்டு 2,499 ஆகியிருந்தது. பொருள், காது மிஷின். மனைவிக்கு.

மனைவிக்கு இரண்டு வருடமாகவே காது மந்தம். குக்கர் விசில் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. அதாவது சத்தம் கேட்டது, சொல் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசும்போது சிரிக்க வேண்டிய இடத்தை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பிறகு அவர்களிடம் போவதையே நிறுத்திவிட்டார். 74 வயதில் கணவர் வீட்டுக்குள் கத்திப் பேசப் பழகிக்கொண்டார். கத்தும்போது கோபம் இல்லாவிட்டாலும் கோபம் மாதிரியே இருக்கும் என்பது இருவருக்கும் வருத்தம்.

"ஆஜோபா, இன்னும் 31 நிமிஷம்தான்" என்றாள் பேத்தி. அவர் பென்ஷன் கணக்கிலிருந்து பணத்தைக் கட்டினார்.

விமானம், இரவு, கடைசி நிமிடம் எல்லாம் அவருக்கு ரத்தத்தில் ஊறியவை. அப்பாவும் தபால்காரர்தான், சோனேகாவ் விமான நிலையத்தில். 1949 ஜனவரி 30 அன்று இரவு விமானத் தபால் தொடங்கியபோது அங்கே பை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நள்ளிரவு வாக்கில் நாட்டின் நடுவயிற்றில் இருக்கும் நாக்பூரில் கூடும். டெல்லிப் பை மெட்ராஸ் விமானத்துக்கு, கல்கத்தாப் பை பம்பாய் விமானத்துக்கு என்று கை மாறும். விடிவதற்குள் அவை மறுபடியும் தத்தம் ஊரில். மாலையில் மெட்ராஸில் போட்ட கடிதம் மறுநாள் காலை டெல்லியில். அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து, கூடுதல் கட்டணம் இல்லாமலே உள்நாட்டுக் கடிதங்கள் விமானத்தில் போகத் தொடங்கின. தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாயின் காரியம் இது. அமெரிக்காவில் ஃபெட்எக்ஸ் கம்பெனி மெம்ஃபிஸ் நகரில் எல்லா விமானங்களையும் இரவில் கூட்டிப் பார்சல் மாற்ற ஆரம்பித்தது 1973ல். அதற்கு 24 வருடம் முன்பே டகோட்டா விமானங்களை வைத்துக்கொண்டு நாக்பூர் அதைச் செய்துவிட்டது. உலகில் பலர் இதைச் சொல்வதில்லை. அவர் சொல்லாத நாளில்லை.

இன்றைய விமானச் சரக்கு வேறு உலகம். 1996ல் ப்ளூ டார்ட் தனக்கென்று சரக்கு விமானங்களைப் பறக்கவிட்டது. 2022 இறுதியில் இண்டிகோ, பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றி இறக்கியது. 2023 ஜனவரியில் அமேசான் ஹைதராபாத்தில் தன் விமானச் சரக்கு சேவையைத் தொடங்கியது. இந்திய விமான நிலையங்கள் 2013-14ல் கையாண்ட சரக்கு சுமார் 23 லட்சம் டன். பத்து வருடத்தில் அது சுமார் 33 லட்சத்தைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி நாம் பார்க்கும் சாதாரணப் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. மேலே பயணிகள் சாண்ட்விச் சாப்பிடும்போது, கீழே யாரோ ஒருவரின் செருப்பும் செல்போனும் அதே ஊருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆனால் எல்லாப் பொருளும் விமானம் ஏறுவதில்லை. அங்கே எடையைப் போலவே இடத்துக்கும் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். கூரியர்காரர்கள் பெரும்பாலும் 5,000ஆல். வருகிற எண்தான் கிலோ கணக்கு, அது உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால். 60க்கு 40க்கு 40 பெட்டியில் ஒரு கிலோ தலையணை வைத்தாலும் 16 கிலோவுக்குக் கட்டணம். லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம், நகப்பூச்சு போன்றவற்றுக்கு விமானத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. பல சமயம் அவை லாரியில்தான் வரும். பறப்பவை பெரும்பாலும் சிறியவை, இலேசானவை, விலை கூடியவை. 'நாளைக்கே' என்று வருவதில் பல, விமானத்தைப் பார்த்ததே இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கிலிருந்து டெம்போவில் வருபவை. வேகத்தை வைத்துப் பொருளின் தரத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டாம்.

காது மிஷின் நிஜமாகவே பறந்து வந்தது. செவ்வாய் இரவு ஆர்டர், புதன் இரவு டெல்லி, வியாழன் காலை நாக்பூர், மதியம் வாசலில். போனில் அந்தப் பயணத்தைப் பார்த்துப் பார்த்து அவர் பூரித்துப் போனார். அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பார்.

மனைவி மாட்டிக்கொண்டார். "கேட்கிறதா?" என்று வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார் இவர். மனைவி தலையாட்டினார். அன்று வீட்டில் ஷீரா கிளறப்பட்டது.

பத்தாம் நாள், பூஜை அறையில் இருந்த மனைவியைப் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை. மிஷின், சமையலறை டிராயரில் கரண்டிகளுக்கு அடியில் இருந்தது. மாட்டினால் காதுக்குள் 'உய்' என்று ஊளையிடுகிறது. தட்டு வைத்தால் இடி விழுகிறது. பேச்சு மட்டும் பழையபடியே. "அஹோ, நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். அதனால்தான் சொல்லவில்லை" என்றார் மனைவி.

திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள். அது முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இரண்டே நாளில் வந்த பொருள் பயன்படுமா என்று தெரிய அந்த வீட்டுக்குப் பத்து நாள் தேவைப்பட்டது. வேகமெல்லாம் விற்பவன் பக்கம். வாங்குபவரின் காதும் மனசும் பழைய வேகத்தில்தான் இயங்குகின்றன. கெடுவோ பொருள் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஏமாற்று வேலை புதியதல்ல. 1877ல் இந்தியாவுக்கு வந்த வி.பி.பி. முறையில், பணத்தைக் கட்டிவிட்டுப் பார்சலைப் பிரித்தால் டிரான்சிஸ்டருக்குப் பதிலாகச் செங்கல் இருந்த கதைகள் ஆர்.எம்.எஸ்.ஸில் ஏராளம். ஆனால் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, கார்டு எழுதிப் போட்டு, மூன்று வாரம் காத்திருந்த காலத்தில் வேண்டாம் என்று முடிவு செய்யவும் மூன்று வாரம் இருந்தது.

அன்றிரவு அவர் செய்த முதல் காரியம் அசட்டுத்தனமானது. விற்பனைத் தளத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தவன் மிகவும் மரியாதையாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பணம் திரும்ப வர ஓ.டி.பி. எண் வரும், அதைப் படியுங்கள் என்றான். நல்லவேளையாக, அதற்குள் புனேக்குத் திரும்பியிருந்த பேத்தி தற்செயலாக இன்னொரு போனில் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "ஆஜோபா, கட் பண்ணுங்கள்!" என்று அவள் போட்ட கூச்சல் மிஷின் இல்லாத பாட்டிக்கே கேட்டிருக்கும். பணம் திரும்பத் தருவதற்கு யாருக்கும் ஓ.டி.பி. தேவையில்லை. பணம் போயிருந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

இரண்டாவது காரியம், சார்ட்டர் செய்யக்கூடியது. அட்டைப்பெட்டியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பக்கமும் படித்தார். அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: 'ஒலிபெருக்கும் சாதனம். மருத்துவக் கருவி அல்ல.' தளத்திலோ இன்னமும் 'காது கேட்கும் கருவி' என்றே இருந்தது. பேத்தி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே ஒரு செய்தி: 'ஆஜோபா, கடிகாரம் இன்னும் ஓடுகிறது. 38 நிமிடம். இருப்பு இரண்டு.'

இது அவரைப் பணம் போனதைவிட அதிகமாகப் பாதித்தது. பை கட்டும் நேரம் என்று நினைத்து மதித்தது வெறும் படம்! பார்சல் சேவைகளில் நிஜமாகவே அப்படி ஒரு கெடு உண்டு. மாலையில் கிடங்கை விட்டு வண்டி கிளம்பாவிட்டால் இரவு விமானம் கிடைக்காது. அந்த நிஜத்தின் முகமூடியைப் போட்டுக்கொண்டு பொய்க் கடிகாரங்கள் ஓடுகின்றன. மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் இத்தகைய 13 தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய் அவசரம் காட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிக் கட்டத்தில் கட்டணம் ஏற்றுவதும் அதில் அடக்கம்.

புகார் எழுதினார். 'கெடு முடிந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். கெடு என்பது கடைக்காரர் வைத்தது, சட்டம் வேறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. குறைதீர் அதிகாரியின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர் அந்த அதிகாரிக்கு எழுதினார். அரசு அலுவலக பாணியில், பத்தி எண்கள் போட்டு, பெட்டியின் படம், தளத்தின் படம், பில், பார்சல் லேபிள் நான்கையும் இணைத்து. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தார். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரியில் எழுதினார். 2019ம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

26ம் நாள் பணம் வந்தது. மன்னிப்பு வரவில்லை. அந்தப் பொருள் வேறு கடைப் பெயரில், வேறு படத்துடன் மறுபடியும் முளைத்திருப்பதாகப் பேத்தி சொல்கிறாள்.

பிறகுதான் இருவரும் செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள். ஆட்டோ பிடித்து, செவித்திறன் நிபுணரிடம் போனார்கள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, விதவிதமான ஸ்தாயியில் 'பீப்' ஒலி கொடுத்து, எது கேட்கிறது என்று வரைபடம் போட்டார்கள். மூப்பில் முதலில் போவது உச்ச ஸ்தாயி. 'ச', 'த', 'ப' போன்ற மெய்யெழுத்துகள் தேய்ந்துபோக, உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சும். அதனால்தான் சத்தம் கேட்டும் சொல் புரியாது. ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சேர்த்தே உயர்த்துகிறது. நல்ல மிஷின், இழந்த இடத்தை மட்டும் பார்த்து உயர்த்துகிறது. அப்படி அளவெடுத்து அமைத்ததற்கு 18,000 ரூபாய் ஆனது. மூன்று தடவை போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இதை எந்த விமானமும் கொண்டுவந்து கொடுக்காது.

அவர் இணையத்தில் வாங்குவதை விட்டுவிடவில்லை. அந்த மிஷினுக்கான பேட்டரியை அங்கேதான் வாங்குகிறார்: 13ம் எண், ஆரஞ்சு ஸ்டிக்கர், கடையைவிட விலை குறைவு. ஆனால் ஆர்.எம்.எஸ். நாட்களைப் போல ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். விற்பவர் பெயர், ஊர், காலாவதித் தேதி, லேபிளில் உள்ள எடை, திருப்பி அனுப்பக் கடைசி நாள். எதையும் கூடையில் போட்டுவிட்டு ஓர் இரவு தூங்குகிறார். காலையில் கடிகாரம் மறுபடியும் அதே நிமிடத்தைக் காட்டினால் அந்தக் கடை நோட்டில் சிவப்பு மையில் ஏறும். இதுவரை ஐந்து ஏறியிருக்கின்றன. பார்சலை வாசலிலேயே, பேத்தி சொல்லிக்கொடுத்தபடி, வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்கிறார். டெலிவரிப் பையன்களுக்கு இதில் சிரிப்பு.

சென்ற தடவை இலவசமாக வரும் மெதுவான வழியையே தேர்ந்தெடுத்தார். லாரியில் ஐந்து நாள். பையன் கேட்டருகே கூப்பிட்டபோது, நோட்டைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு முன்னால் மனைவி வாசலுக்குப் போயிருந்தார்.

பேட்டரியின் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்ததும் மிஷினுக்குள் போடக்கூடாது. காற்று உள்ளே போய் வேலை செய்யத் தொடங்க ஒரு நிமிடமாவது ஆகும். மனைவி அதை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறார், கத்தியே.