கடலடிப் படத்துக்கு ஒரு கேமரா

கடலுக்குள் படமெடுக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாக முக்குளிப்பவர்கள் என்பதால் இக்கேள்வி அடிக்கடி எங்களிடம் வரும். இம்முறை கேட்டவள் எங்கள் தங்கை மகள். அந்தமானின் ஹேவ்லாக்கில், 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட அதே தீவில், பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருந்தாள். சம்பளத்தில் மிச்சம்பிடித்த 1,20,000 ரூபாய் கையிலிருந்தது. 2010 கோடையில் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போனதைப் பயிற்றுநர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் ஒரே பவளத்திட்டைப் படமெடுத்து வரவேண்டும், மறுபடி வெளுத்தால் அது தன் படங்களில் தெரியவேண்டும் என்றாள். எங்கள் பரிந்துரையை முடிவுசெய்தது இந்த விருப்பம்தான்.

நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். 10 மீட்டரில் ஏறக்குறைய இல்லை. ஆழத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. பொருளிலிருந்து வில்லை வரையிலான தொலைவும் அதனோடு சேரும். 8 மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தை 2 மீட்டர் தள்ளியிருந்து எடுத்தால், ஒளி 10 மீட்டர் நீரைக் கடந்துதான் கேமராவை அடைகிறது. நலமான பழுப்புப் பவளமும் வெளுத்த பவளமும் அந்தப் படத்தில் ஒரே நீலத்தின் இரண்டு சாயல்கள்போலத் தெரியும். பிறகு கணினியில் சிவப்பைக் கூட்டினாலோ, செத்துக்கொண்டிருக்கும் பவளத்துக்கும் உயிர்க்களை வந்துவிடும். அழகான படம், பொய்ச்சாட்சி.

கோப்ரோ வகைக் கேமராக்கள் உறையில்லாமலே 10 மீட்டர் வரை தாங்கும். அகன்ற காட்சிக்கும் காணொளிக்கும் அவை நன்று. ஆனால் கூடுதல் வில்லை பொருத்தாமல் மிக நெருங்கி எடுக்க முடியாது. மறுமுனையில், வில்லை மாற்றும் பெரிய கேமராவும் அதற்கான அலுமினிய உறையும். அங்கே உறையின் விலை பலசமயம் கேமராவையே விஞ்சிவிடும். கேமராவை மாற்றினால் உறையையும் மாற்றியாகவேண்டும். மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைத் தோழனுக்கு அதிகம் செலவாகும் கல்யாணம் அது.

நாங்கள் சொன்னது இடைப்பட்ட ஒன்றை: 2019இல் வந்த ஒலிம்பஸ் டிஜி-6, அல்லது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் வெளியான டிஜி-7. வில்லைக்கு 1 சென்டிமீட்டர் அருகிலுள்ளதையும் தெளிவாக எடுக்கும். நிறத்தைப் பின்னர் நேர்மையாகத் திருத்த உதவும் ரா கோப்பாகவும் சேமிக்கும். இரண்டும் தனியே 15 மீட்டர் வரை தாங்குபவை. அவளுடைய தொடக்கநிலைச் சான்றிதழோ 18 மீட்டர் வரை இறங்க இடங்கொடுக்கிறது. ஆகவே 45 மீட்டர் தாங்கும் உறையும் தேவை. ஒரே உறை இரண்டுக்கும் பொருந்துவதால், நல்ல நிலையில் பழைய டிஜி-6 கிடைத்தால் அதையே வாங்கு என்றோம்.

மிச்சப் பணம் முழுவதும் வெளிச்சத்துக்கு. 1926இல் ஃபுளோரிடாவை அடுத்த ட்ரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தபோது, மேலே தெப்பத்தில் மக்னீசியத் தூளைக் கொளுத்தித்தான் ஒளி பெற்றார்கள். இன்று கையடக்கமான ஸ்ட்ரோப் விளக்கு அந்த வேலையைச் செய்கிறது. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் போதாதா என்றாள். அது வில்லையை ஒட்டி இருப்பதால் நீரில் மிதக்கும் துகள்களில் பட்டு நேரே திரும்பும். படமெங்கும் பனி கொட்டியதுபோல் வெண்புள்ளிகள் விழும். ஸ்ட்ரோபை ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் நிறுத்தினால் துகள்கள் பெரும்பாலும் இருளிலேயே இருந்துவிடும். அதன் ஒளியும் நீரில் தேயும் என்பதால் ஒரு மீட்டருக்குள் நெருங்கவேண்டும். நீருக்குள் எல்லாமே கால்பங்கு அருகில் இருப்பதாகத் தோன்றும்; போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னே போகவேண்டும்.

நெருங்குவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை உரசினால், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கிளை ஒடிந்து விழும். அசையாமல் மிதக்கப் பழகும்வரை கேமரா கரையிலேயே இருக்கட்டும் என்ற நிபந்தனையை அவள் முகம் சுளித்தபடி ஏற்றுக்கொண்டாள்.

உறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீரைத் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் புகும். முதல்முறை கேமரா இல்லாமல், உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை மட்டும் வைத்து நீரில் இறக்கிப் பார்க்கவேண்டும்.

முழுத் திட்டும் தெரியும்படி விலகி எடுக்கும்போது ஸ்ட்ரோப் எட்டாது. அதற்கு ஒரு வெள்ளைப் பலகை வேண்டும். பவளத்தின் பக்கத்தில் அதைப் பிடித்து, இதுதான் வெள்ளை என்று அந்த ஆழத்திலேயே கேமராவுக்குக் காட்டிவிட்டு, படத்தின் ஓரத்திலும் அது விழும்படி எடுத்தால், நிறத்தை ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். இதை மட்டும் அவள் காசு கொடுத்து வாங்கவில்லை. சமையலறையில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையில் கையகலத் துண்டை அறுத்து, ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டிக்கொண்டாள். பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறாள், தேதியையும் ஆழத்தையும் பென்சிலால் எழுத.