வானொலியில் ஒரு பெயர்

காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு தெருவில் நடப்பவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது நானும் அப்படித்தான் நடக்கிறேன். காலையில் பேட்டை ரயில் நிலையத்தின் பக்கமிருந்து புறப்பட்டு ம.தி.தா. இந்துக் கல்லூரியைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பாட்காஸ்டில் முக்கால்வாசி கேட்டு முடித்துவிடலாம். ‘ஐபாட்’டையும் ‘பிராட்காஸ்ட்’டையும் ஒட்டி 2004இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் செய்த சொல் அது. ஐபாட் என்ற கருவி மறைந்த பிறகும் அதன் பெயரில் பாதி உயிரோடு இருக்கிறது. தமிழில் வலையொலி என்கிறார்கள், நல்ல சொல்தான். சுயமுன்னேற்றம், பங்குச்சந்தை வகையறா எனக்கு ஆகாது. சினிமா, சினிமாப் பாட்டு, மேற்கத்திய ஜனரஞ்சக இசை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறவற்றை மட்டும் கேட்கிறேன்.

ஹ்ரிஷிகேஷ் ஹிர்வே என்பவர் 2014இல் தொடங்கிய ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’தான் என்னை இதற்குள் இழுத்தது. ஒரு பாட்டை அதைச் செய்தவரே பிரித்துக் காட்டுகிறார். முதலில் தாளம் மட்டும் வரும், பிறகு கிடார், பிறகு துணையில்லாமல் வெறும் குரல். கடைசியில் முழுப் பாட்டையும் போடுகிறார்கள். முதல் முறை கேட்டபோது நடையை நிறுத்திவிட்டு வழியிலிருந்த ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நம்முடைய பழைய பாடல்களை இப்படிப் பிரிக்க முடியுமா என்ற ஆசை உடனே வந்தது. முடியாது. அறுபதுகளில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒன்றாகக் கூடித்தான் பதிவு செய்தார்கள். ஒரு வயலின் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே தடத்தில் உறைந்துவிட்ட பாட்டில் எது யாருடைய பங்கு என்று எப்படிப் பிரிப்பது? கணினி நிரல்கள் இப்போது அதையும் செய்கின்றன. கேட்டுப் பார்த்தேன். குரலின் ஓரங்களில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரு கலங்கல். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஆண்ட்ரூ ஹிக்கி 2018இலிருந்து ராக் இசையின் வரலாற்றை 500 பாடல்களில் சொல்லி வருகிறார். தனி மனிதராக எழுதி, தானே வாசிக்கிறார். தொடக்கத்தில் அரை மணி நேரமாக இருந்த அத்தியாயங்கள் வளர்ந்து சில மணி நேரங்களைத் தொட்டுவிட்டன. ஒரு பாட்டுக்குப் போவதற்கு முன் அதன் மேளக்காரருடைய தாய்மாமன் வரை போய்வருவார். நண்பர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். எனக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரதவீதியில் அசைந்து வருவதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தேர் நிலைக்கு வரும்போது வரட்டும்.

தமிழில் வருகிறவற்றைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. மூன்று நண்பர்கள் கூடுகிறார்கள், சிரிக்கிறார்கள், விஷயத்துக்கு வர இருபது நிமிடங்கள் ஆகின்றன. உரிமைச் சிக்கலால் பாட்டைப் போட முடியாது. ஆகவே ஒருவர் முனகிக் காட்டுகிறார், மற்ற இருவர் ‘வேற லெவல்’ என்கிறார்கள். பாட்டே இல்லாமல் பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டு சாம்பாரை வர்ணிப்பது போலத்தான். பேசுகிறவர்களின் பிரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் ஒரு பையன் 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தின் பாடல்களைப் பற்றிப் பேசியபோது குரல் உடைந்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் நாற்பது நிமிடங்களும் ‘எம்.எஸ்.வி., எம்.எஸ்.வி.’ என்றே போயிற்று. ராமமூர்த்தி என்ற பெயரை ஒருவரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ராமமூர்த்தி வயலின்காரர். அவரும் விஸ்வநாதனும் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் இருந்தவர்கள். 1952இல் சுப்பராமன் இளம் வயதில் காலமானபோது அவர் விட்டுச்சென்ற வேலைகளை இவர்கள்தான் முடித்துக்கொடுத்தார்கள். அதே வருடம் ‘பணம்’ படத்தில் இரட்டையராக அறிமுகமாகி, 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை சேர்ந்திருந்தார்கள். அந்தப் பதின்மூன்று வருடப் பாடல்களை ஒருவர் பெயரில் எழுதுவது பிழை என்பது ஒரு பக்கம். மறு பக்கம், நான் வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் தணியாமல் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். ஒரு பெயர் விட்டுப்போனதற்கு இத்தனை கோபம் எதற்கு என்று மனைவி கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு சுமார் 300 கிலோமீட்டர்தான். சென்னை 550க்கும் மேல். எங்கள் தலைமுறையின் காது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அவை அருகிப்போக, போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைவீரர்களுக்காக நிறுவிய வலுவான ஒலிபரப்பிகளை வைத்துக்கொண்டிருந்த இலங்கை வானொலி அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டது. 1957இல் விவித் பாரதி வந்தும் பழக்கம் மாறவில்லை. மயில்வாகனத்தின் குரலை எங்கள் அப்பா காலத்தவர் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கேட்டு வளர்ந்தது கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரை. கே.எஸ். ராஜாவின் ‘திரை விருந்து’ இருக்கிறதே, படத்தின் வசனத்தை ஓடவிட்டு நடுவில் இவர் ஒரு கேள்வி கேட்பார், கதாநாயகன் அதற்குப் பதில் சொல்வது போலவே அடுத்த வசனம் வந்து விழும். சினிமாவைப் பற்றிப் பேசுவதும் ஒரு கலையாகலாம் என்று எனக்கு முதலில் காட்டியவர் அவர். 1994இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். திருநெல்வேலியின் அந்தச் சினிமாக் கிறுக்கைக் கலாப்ரியா ஏற்கெனவே எழுதிவிட்டார், நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டு வானொலிப் பெட்டி அண்ணனுடையது. பேட்டை நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து முதலில் வாங்கிய பொருள். தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வைத்துக்கொள்ள வேண்டிய காலம். பக்கத்து வீட்டு அக்கா பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கே வந்துவிடுவாள். பாட்டின் வேகத்துக்கு ஏற்பப் பீடி சுற்றும் கை மாறும். ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம்.

1979. எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் விருப்பப் பாடல் கேட்டு ஒரு கார்டு எழுதினான். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்பதால் அது சாதாரணச் செலவல்ல. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்திலிருந்து ஒரு பாட்டு. ‘இசை: விஸ்வநாதன் – ராமமூர்த்தி’ என்று மை ஊறாமல் மெதுவாக எழுதினான். அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். “தெரியும்ல. நாமளும் எழுதணும்” என்றான். அந்த வாரங்களில் அவனுக்கு மாலை நாலு மணி முதல் நள்ளிரவு வரை ஷிப்டு. ஆகவே கேட்கிற பொறுப்பு என்னுடையது. நள்ளிரவு தாண்டி, தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு வந்து, பாயில் கிடக்கிற என்னைத் தட்டி, “வாசிச்சாங்களால?” என்பான். இல்லை என்பேன். மூன்று வாரங்கள் இப்படிப் போயிற்று.

ஒரு நாள் சிநேகிதனோடு டவுண் ரத்னா தியேட்டருக்குப் படம் பார்க்கப் போய்விட்டேன். அன்று இரவும் அவன் தட்டிக் கேட்டான். இல்லை என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையாகவே வாசித்திருந்து, நாளை யாராவது அவனிடம் சொன்னால்? அரைத் தூக்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் எப்படி ஓடியதோ, “வாசிச்சாங்க” என்றேன்.

“பேட்டைன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“ஆரு வாசிச்சா?”

“ராஜேஸ்வரி சண்முகம்.”

அவன் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அழுதானா, சிரித்தானா, இருட்டில் தெரியவில்லை. காலையில் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. திண்ணைக்கு வந்த அக்காவிடம் அண்ணன் கேட்டான், அவள் நிமிராமல், “கேட்டேன், நல்லா வாசிச்சாங்க” என்றாள். எனக்கு உயிர் வந்தது. நான் இல்லாத நாளில் நிஜமாகவே வாசித்திருக்கிறார்கள், என் பொய் எப்படியோ உண்மையாகிவிட்டது என்று நம்பினேன். நாற்பது வருடங்களுக்கும் மேல் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பிறகு அண்ணன் கார்டே எழுதவில்லை. ஒருமுறை வந்தது போதும் என்றான். கல்யாணமான புதிதில் மதினியிடமும் அதைத்தான் பெருமையாகச் சொன்னானாம். 1983 ஜூலையில் கொழும்புக் கலவரச் செய்திகள் வந்த நாட்களில் பெட்டியின் முள்ளைத் திருப்பித் திருப்பி, பழகிய குரல் ஏதாவது கேட்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். குரல் கேட்டால் ஆள் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம். ஆலை மூடுவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

வலையொலிகளைத் தேடப் போன இடத்தில்தான் அந்தப் பழைய ஒலிநாடாக்கள் அகப்பட்டன. இலங்கை வானொலியை அந்தக் காலத்தில் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ரசிகர்கள், அவற்றைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் பாட்டுக்காகப் பதிவு செய்தவர்கள். அறிவிப்பு தொடங்கியதும் நாடாவை நிறுத்திவிட்டிருப்பார்கள். ஏற்றுகிறவர்களில் சிலர் உரிமைப் பிரச்சினைக்குப் பயந்து பாட்டை வெட்டிவிட்டு அறிவிப்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகைதான் எனக்கு வேண்டும். நேயர்களின் பெயர்ப் பட்டியல்கள், ஊர் ஊராக. இரைச்சலுக்கு நடுவே தூத்துக்குடி, கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் என்று வந்துகொண்டே இருக்கும். நான் பேட்டைக்காகக் காத்திருப்பேன்.

போன மாதம் பேட்டை வந்தது. அண்ணன் பெயர் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் மூவரின் பெயர்கள். அதில் ஒன்று அந்த அக்காவுடையது. யாரையோ பிடித்து எழுதிப் போட்டிருக்கிறாள்! இப்போது மகன் வீட்டில் மேலப்பாளையத்தில் இருக்கிறாள். பஸ் ஏறிப் போய், ஒலிப்பானின் ஒரு முனையை அவள் காதில் வைத்தேன். கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்ட பிறகு, “உங்கண்ணன் பேரும் இதுல இருக்கா?” என்றாள்.

“இதுல இல்ல. நீங்க அன்னைக்குக் கேட்டீங்கள்லா அக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். “நான் எங்க கேட்டேன்? அன்னைக்குக் கடையில பீடி ஒப்படைக்கப் போயிட்டேன். நீ கேட்டேன்னு சொன்னான். தம்பி பொய்யா சொல்லிருக்கப் போறான்னு நானும் சொன்னேன்.”

அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பதிவைப் பேரன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள், அனுப்பிவிட்டேன்.

அண்ணனுடைய கார்டை வாசிக்கவே இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. நாங்கள் இருவரும் இல்லாத அந்த ஒரு மாலையில் வாசித்திருக்கலாம். வந்துவிட்டதே என்று நான் கேட்பதை நிறுத்திய பிறகு ஏதோ ஒரு நாள் வாசித்திருக்கலாம். இறக்கி வைத்த பதிவுகளில் 1979 என்று குறிப்பிட்டவை மட்டும் இன்னும் முப்பத்தோரு மணி நேரம் பாக்கி இருக்கின்றன. ஹிக்கியின் அத்தியாயங்களைத் தள்ளிவைத்துவிட்டு நடையில் இப்போது அவற்றைத்தான் கேட்கிறேன். அந்த வலையொலிப் பையன்களுக்கும் ராமமூர்த்தியைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். முகவரியில் பேட்டை என்று மறக்காமல் போட்டிருக்கிறேன்.